லமலேராவில் இரண்டு சனிக்கிழமைகள்

இந்தோனேசியாவின் திமிங்கில வேட்டை ஊரான லமலேராவுக்குப் போகப்போவதாக யாராவது சொன்னால் நான் முதலில் சொல்வது இதுதான்: வழியில் உள்ள லெவோலேபா நகரை விட்டுக் கிளம்புமுன் பணம் எடுத்துக்கொள்ளுங்கள், அதையும் சிறு நோட்டுகளாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, பயணத்துக்குள் இரண்டு சனிக்கிழமைகள் வருகிற மாதிரி நாள் குறியுங்கள். திமிங்கிலத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று இரண்டு மூன்று நாள் ஒதுக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்கள் பலர். நானும் நான்கு நாளுக்குத்தான் திட்டம் போட்டிருந்தேன். பதினோரு நாள் இருந்தேன். திமிங்கிலம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஆனாலும் அந்த ஊரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

லமலேரா, இந்தோனேசியாவின் கிழக்கு நுசா தெங்காரா மாநிலத்தில், லெம்பாட்டா தீவின் தென்கரையில் இருக்கிறது. தீவின் தலைநகர் லெவோலேபா. மாநிலத் தலைநகர் குப்பாங்கிலிருந்து சிறு விமானத்தில் வரலாம். புளோரஸ் தீவின் கிழக்குக் கோடியில் உள்ள லரந்துகாவிலிருந்து படகில் மூன்று நான்கு மணி நேரத்தில் வரலாம். நான் படகில் வந்தேன். லரந்துகா துறைமுகத்தில் வழி கேட்டபோது என் அரைகுறை இந்தோனேசிய மொழி தடுமாறியது. ஆனால் 'கப்பால்' என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அது நம் கப்பல்தான். கடைக்கு 'கெடாய்', பெட்டிக்கு 'பெத்தி' என்கிறார்கள். நம் வணிகர்கள் என்றோ அந்தக் கடல்களில் கொண்டுபோய் விட்டுவந்த சொற்கள் இன்னும் புழங்குவதைக் காதால் கேட்டபோது மனம் நிறைந்தது.

லெவோலேபாவிலிருந்து லமலேராவுக்கு 'ஓட்டோ காயு' என்று சொல்லப்படும் லாரியில் போனேன். பின்பக்கம் பலகை இருக்கைகள், மேலே கூரை. அரிசி மூட்டை, தகரத் தகடு, கால் கட்டிய கோழிகள், ஊர் திரும்பும் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகப் போனோம். தூரம் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் மலையை ஏறிக் கடக்க வேண்டும். பாதி நாள் போய்விட்டது. முதுகுவலி உள்ளவர்கள் ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள முதல் பலகையில் உட்காருங்கள். கடைசிப் பலகை தூக்கிப் போடும். கடல் பயணத்தை நம்பித் திரும்பும் விமானத்துக்கு டிக்கெட் எடுக்கிறவர்கள் இடையில் இரண்டு நாளாவது விட்டுவையுங்கள். காற்று பலமாக இருந்தால் படகு ஓடாது. யாரையும் குறை சொல்லிப் பயனில்லை.

ஊர் கண்ணில் படுமுன்பே மூக்குக்கு எட்டிவிட்டது. கருவாட்டு வாசனையோடு எண்ணெய்ப் பிசுக்கு கலந்த மாதிரி ஒரு வாசனை. வீடுகளின் முன்னால் மூங்கில் கம்புகளில் இறைச்சி வார் வாராகத் தொங்கும். அதிலிருந்து சொட்டும் எண்ணெயையும் வீணாக்காமல் பிடித்துவைப்பார்கள். மின்சாரம் வருமுன் விளக்கெரித்தது இந்த எண்ணெயில்தான். நான் போன ஆகஸ்டில் தொங்கியவை சில வாரங்களுக்கு முன் கிடைத்த ஒரு திமிங்கிலத்தின் மிச்சம் என்றார்கள். இரண்டாம் நாளில் அந்த வாசனை பழகிவிட்டது.

லாபலேக்காங் மலையின் அடிவாரத்தில், கடலை நோக்கி இறங்கும் கற்சரிவில் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேல்பகுதிக்குத் தெத்தி லெஃபோ, கீழே கடற்கரையை ஒட்டிய பகுதிக்கு லாலி ஃபாத்தா என்று பெயர். அரசுக் கணக்கில் லமலேரா ஏ, லமலேரா பி என்று இரண்டு கிராமங்கள். மண் என்று சொல்லத் தக்கது மிகக் குறைவு; எங்கும் பாறை. இந்த ஊரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். சோளமும் கிழங்கும் வாழையும் மலைமேல் இருக்கும் ஊர்களில் விளைகின்றன. இங்கே விளைவது கடலில் மட்டும்தான். முன்னோர் சுலவேசியின் லுவுக் பக்கத்திலிருந்து புறப்பட்டு, லெப்பான் பத்தான் என்ற தீவில் குடியிருந்து, அதைக் கடல் கொண்டுபோனபின் இங்கே வந்து சேர்ந்தார்கள் என்பது ஊர்வழக்கு. நிலம் ஏற்கெனவே வேறு குலத்தாருக்குச் சொந்தமாக இருந்தது. வந்தவர்களுக்குக் கிடைத்தது கரை.

இரண்டு அறைகளை விருந்தினருக்கு விட்டிருந்த ஒரு குடும்பத்தில் தங்கினேன். மூன்று வேளைச் சாப்பாடும் அதிலேயே அடக்கம். வீட்டு அம்மாவை 'மாமா' என்றும் ஐயாவை 'பாபா' என்றும் அழைக்க வேண்டும். அம்மாவைப் பார்த்து மாமா என்று கூப்பிட என் நாக்குக்கு ஒரு நாள் பிடித்தது. முதல் இரவு சோறு, கருவாடு, முருங்கைக்கீரைச் சாறு. அந்தத் தீவுகளில் முருங்கை அன்றாடக் கீரை. தண்ணீர் மட்டும் கவனம்: வறண்ட மாதங்களில் தொட்டியில் இருப்பதை மொண்டு அளவாகக் குளிக்க வேண்டும். மலேரியா உள்ள பகுதி என்பதால் கிளம்புமுன் மருத்துவரைப் பாருங்கள், கொசுவலையும் எடுத்துப்போங்கள்.

காலையில் என்னை எழுப்பியது ஒரு தாளம். டக், டக், டக் என்று அடுப்படியிலிருந்து வந்தது. மாமா தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்து அடுப்பில் மண்சட்டியில் சோளம் வறுபட்டுக்கொண்டிருந்தது. இடக்கையைச் சட்டிக்குள் விட்டு, கொதிக்கும் மணிகளில் நான்கைந்தை எடுத்துத் தட்டையான கல்லில் போடுவார். வலக்கையில் இருக்கும் உருண்டைக் கல் உடனே இறங்கும். மணிகள் தட்டை அவலாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைத் தள்ளிவிட்டு மறுபடியும் சட்டிக்குள் கை. கல் இறங்கும் நொடிக்கும் விரல் விலகும் நொடிக்கும் நடுவில் இடைவெளியே தெரியவில்லை. இதற்கு 'ஜாகுங் தித்தி' என்று பெயர். சூடு ஆறிவிட்டால் சோளம் தட்டையாகாமல் நொறுங்கிப் போகும். அதனால்தான் கையாலேயே எடுக்க வேண்டும் என்றார். அவருடைய விரல் நுனிகள் தேய்ந்து வழவழப்பாக இருந்தன. நானும் முயன்றேன். இரண்டாவது மணியிலேயே கையை இழுத்துக்கொண்டேன்.

அந்தச் சோளம் இந்த ஊரில் விளைந்ததல்ல என்பதை நினைவில் வையுங்கள். அது எப்படி வந்தது என்பதற்குச் சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

லாலி ஃபாத்தாவில் கடலைப் பார்த்தபடி ஓலைக் கொட்டகைகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு 'தேனா' இருக்கும். வெளியாட்கள் 'பெலேடாங்' என்பார்கள். பத்து மீட்டர் அளவுள்ள மரப்படகு, இருபுறமும் மிதவைக் கட்டைகள். பலகைகளை ஆணி அடித்துச் சேர்ப்பதில்லை, மரமுளையும் கயிறும்தான். தாளிப்பனையின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் ஓலையைப் பின்னிப் பாய் செய்கிறார்கள். முகப்புக்கு முன்னே மூங்கிலால் ஆன ஒரு மேடை நீண்டிருக்கும். ஈட்டி எறிபவர், அதாவது 'லமாஃபா', நிற்கும் இடம் அது. அவர் ஈட்டியை வெறுமனே எறிவதில்லை. ஈட்டியோடு தானும் பாய்ந்து, உடம்பின் பாரத்தையெல்லாம் அதில் இறக்குகிறார். பிறகு கயிறு ஓடத் தொடங்கும். அதற்கு நடுவில் அவர் நீந்திப் படகுக்குத் திரும்ப வேண்டும். கயிற்றில் கை கால் சிக்கி உறுப்பிழந்தவர்களும் உயிரிழந்தவர்களும் எத்தனையோ பேர். 1994இல் ஈட்டிபட்ட ஒரு திமிங்கிலம் படகுகளை வெகுதூரம் இழுத்துப் போய்விட, நாள்கணக்கில் மிதந்தவர்களை ஒரு சுற்றுலாக் கப்பல் காப்பாற்றியது.

மே முதல் அக்டோபர் வரை பருவம். அதற்கு 'லெஃபா' என்று பெயர். ஏப்ரல் கடைசியில் படகு வைத்திருக்கும் குலங்களெல்லாம் கடற்கரையில் கூடிச் சென்ற ஆண்டின் மனத்தாங்கல்களைப் பேசித் தீர்க்கின்றன. ஏப்ரல் 29 அன்று கடலில் மாண்டவர்களுக்காகத் திருப்பலி. மே 1 அன்று கரையிலுள்ள புனித பேதுரு சிற்றாலயத்தில் பருவத் தொடக்கத் திருப்பலி. ஊரே கத்தோலிக்கம், ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. அதே சமயம், திமிங்கிலங்களை வரவழைக்க மலைமேல் செய்யும் பழைய சடங்கு நிலத்துக்குரிய வூஜோன் குலத்தாரின் உரிமையாக இன்னும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உரசல் இல்லாமல் இல்லை. ஆனால் இரண்டையும் விட்டுவிட ஊர் தயாராக இல்லை.

ஒரு நாள் ஒரு தேனாவில் என்னை ஏற்றிக்கொண்டார்கள். கேட்காமல் ஏறக் கூடாது. கேட்டபின் அவர்கள் சொல்லும் தொகையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். தொப்பி, தண்ணீர், முழுக்கைச் சட்டை அவசியம். மணலில் கட்டைகளை வரிசையாகப் போட்டு அதன்மேல் படகை உருட்டி இறக்கினார்கள். நான் தள்ளியது பெயருக்குத்தான். அலையைத் தாண்டியதும் எல்லோரும் தொப்பியைக் கழற்றிச் செபம் சொன்னார்கள். அதன்பின்தான் பாய் ஏறியது. பின்பு மணிக்கணக்கில் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதே வேலை. மேடையில் நின்றிருந்த லமாஃபா ஒரு வார்த்தையும் பேசவில்லை. எண்ணெய்த் திமிங்கிலத்தின் மூச்சு முன்னோக்கிச் சாய்ந்து எழும், அதை வைத்தே இனம் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பக்கத்தில் துடுப்புப் போட்டவர் சொன்னார். அவர்கள் 'கொத்தெக்லேமா' என்று அழைக்கும் அந்த இனத்தைத்தான் முக்கியமாக வேட்டையாடுகிறார்கள். 'கெலாரு' எனப்படும் நீலத் திமிங்கிலம் போன்ற பெரியவற்றைத் தொடுவதில்லை. அது முன்னோர் இட்ட தடை.

மதியம் வெறுங்கையோடு திரும்பினோம். யாரும் என்மேல் முகம் சுளிக்கவில்லை. ஆனால் மாலையில் லமாஃபா ஒரு தூக்கில் கள்ளை எடுத்துக்கொண்டு மேல்பகுதிக்கு ஏறிப் போவதைப் பார்த்தேன். மாமாவிடம் கேட்டேன். "அண்ணனோடு ஒரு மனஸ்தாபம். பேசித் தீர்க்கப் போகிறார்" என்றார். வீட்டில் சண்டை இருந்தால் ஈட்டி குறி தவறும் என்பது இங்கே உறுதியான நம்பிக்கை. மனைவியோடு பிணக்கு, திருப்பித் தராத கடன், விதவைக்குச் சேர வேண்டிய பங்கைக் குறைத்தது, எதுவாக இருந்தாலும் அது கடலுக்குத் தெரிந்துவிடும். இதை நான் மூடநம்பிக்கை என்று ஒதுக்க மாட்டேன். ஒரே கயிற்றை நம்பி ஒரே படகில் போகிறவர்கள் மனத்தில் கசப்போடு ஏறினால் என்ன ஆகும் என்று அந்தப் படகில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் மோட்டார் படகு ஒன்று பெரிய மயில்மீனோடு வந்தது. வெளிப்பொருத்து மோட்டார் வைத்த இந்தப் படகுகளுக்கு ஊரில் 'ஜோன்சன்' என்று பெயர். முதலில் வந்த மோட்டாரின் பெயரே படகுக்கு நிலைத்துவிட்டது. மணலில் ஓலைகளைப் பரப்பினார்கள். வயதான ஒருவர் கத்தியோடு குனிந்தார். தராசு கிடையாது. வெட்டிய துண்டுகளைக் குவியல் குவியலாக வைத்துக்கொண்டே போனார். ஈட்டிக்காரருக்கு ஒன்று, படகுக்கு ஒன்று, மோட்டாருக்கும் எண்ணெய்க்கும் ஒன்று, போனவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒன்று. ஒரு குவியலிலிருந்து கொஞ்சம் எடுத்து இன்னொன்றில் வைத்தார். சற்று யோசித்து அதில் பாதியைத் திரும்ப எடுத்தார். சுற்றி நின்ற யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் எட்டு வயதிருக்கும் ஒரு சிறுமியைக் கூப்பிட்டு, இரண்டு துண்டை இலையில் மடித்துக் கொடுத்தார். அவள் மாமாவின் பக்கத்து வீட்டுக்குப் போனாள். அங்கே இருந்தவர் கணவரைக் கடலில் இழந்தவர்.

ஒரு மீனுக்கே இந்தக் கணக்கு என்றால் திமிங்கிலத்துக்கு எப்படி இருக்கும்! அதன் உடம்பில் எந்தப் பகுதி யாருக்கு என்று முன்பே வகுத்திருக்கிறார்கள். படகுக் குலத்தவர், ஈட்டிக்காரர், படகு கட்டிய தச்சர், ஈட்டிமுனை அடித்த கொல்லர், பாய் பின்னியவர், நிலத்துக்குரிய குலத்தார் என்று எல்லோருக்கும் உரிமை உண்டு. வாங்கியவர்கள் தம் உறவுக்கும் அண்டைவீட்டுக்கும் மறுபடி பிரிக்கிறார்கள். கடலுக்குப் போகாத வீட்டிலும் அன்று மாலையே இறைச்சி இருக்கும்.

திமிங்கிலத்தைக் கொல்வது சரியா என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் அதை விரும்பி ரசிக்கப் போனவன் அல்லன். இந்தோனேசியச் சட்டத்தில் 1999 முதலே திமிங்கிலங்கள் பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள். இந்த ஊரின் வேட்டையை மரபு என்று கருதி விட்டுவைத்திருக்கிறார்கள். ஊருக்கு முன்னால் விரியும் சவு கடலைப் பாதுகாப்புப் பகுதியாக்கும் பேச்சு 2009இல் எழுந்தபோது ஊர் திரண்டு எதிர்த்தது. 2014இல் தேசியக் கடற்பூங்கா அமைந்தபோது லெம்பாட்டாவின் நீர்ப்பரப்பு அதில் சேரவில்லை. அதே 2014இல் யானைத்திருக்கைக்கு நாடு முழுவதும் தடை வந்தது. அது இந்த ஊரின் அடுப்பை நேரடியாகத் தொட்ட தடை. எண்ணெய்த் திமிங்கிலங்களை அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனவை தொழிற்சாலைக் கப்பல்களே தவிர இந்த ஓலைப்பாய்கள் அல்ல என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1970களில் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு நவீன வேட்டைப் படகோடு உதவ வந்ததும் நிலைக்கவில்லை. ஆனால் என்னைக் கவலைப்படுத்துவது மோட்டார். படகு வேகமாக ஓடும்போது பிடிப்பின் அளவும் மாறும். மோட்டார் உள்ளவர், இல்லாதவர் என்று ஊரும் இரண்டாகும். பாபாவும் இதையே சொன்னார்: "பாய்க்கு எரிபொருள் கடன் இல்லை." அவர் வயதுக்காரர்கள் பலருக்கு அந்தக் கவலை இருக்கிறது.

சனிக்கிழமை விடியுமுன் மாமாவோடு வுலாண்டோனி சந்தைக்குப் போனேன். கடற்கரை மரங்களின் நிழலில் கூடும் பண்டமாற்றுச் சந்தை அது. கடலோரப் பெண்கள் உலர்ந்த இறைச்சி, மீன், உப்பு, சுண்ணாம்பு கொண்டு வருகிறார்கள். மலைப் பெண்கள் சோளம், வாழைப்பழம், மரவள்ளி, வெற்றிலை, பாக்கு. வரிசையாக உட்கார்ந்தபின் சந்தை மேற்பார்வையாளர் வந்து ஒவ்வொருவரின் பொருளிலிருந்தும் கொஞ்சம் கட்டணமாக எடுத்துக்கொள்கிறார். அதுவரை யாரும் கைமாற்றுவதில்லை. பிறகு விசில் ஊதுகிறார். அந்த நொடியில் எல்லோரும் எழுந்து நடக்கத் தொடங்குகிறார்கள்.

கணக்கு 'மொங்கா' என்ற அலகில். ஆறு ஆறாக எண்ணுகிறார்கள். ஒரு துண்டு இறைச்சிக்கு எத்தனை சோளக் கதிர் என்பது எல்லோருக்கும் தெரியும். கூவி அழைப்பதில்லை, சச்சரவு இல்லை. மாமா ஒரு மலைப் பெண்ணிடம் சோளம் வாங்கியபோது அந்தப் பெண் எண்ணி முடித்துவிட்டு மேலே இரண்டு கதிர் வைத்தார். மாமா ஒரு பிடி உப்பு அள்ளி அவர் கூடையில் போட்டார். இருவரும் வயதில் மூத்தவர்கள். இவர்களின் அம்மாக்களும் இப்படித்தான் மாற்றிக்கொண்டார்களாம். சந்தை இல்லாத நாளில் லமலேராப் பெண்கள் தலைச்சுமையோடு மலையேறி வீடு வீடாகவும் போகிறார்கள். ஆண்கள் கொண்டு வருவதைச் சோறாக மாற்றுவது இந்தப் பெண்களின் கால்கள்தான். வேட்டையைப் படம் பிடிக்க எத்தனையோ பேர் வருகிறார்கள்; இந்த நடையோடு கூடவே போகிறவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு வருத்தம்.

அந்தச் சந்தையில் நான் ஒரு தவறு செய்தேன். விசிலுக்குமுன் கேமராவைத் தூக்கினேன். ஒரு மலைப் பெண் கூடையை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார். மாமா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை கேமராவை வீட்டில் வைத்துவிட்டு, லெவோலேபாவிலிருந்து வந்த லாரியில் சொல்லி வாங்கிய சர்க்கரையும் பாக்கும் கொண்டுபோனேன். மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். விசில் ஊதியதும் அதே பெண் வந்து என் பாக்கைப் பார்த்தார், ஒன்றைக் கடித்துச் சோதித்தார், பிறகு ஒரு மொங்கா வாழைப்பழத்தை என் முன்னால் வைத்தார். இரண்டு சனிக்கிழமைகள் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்த ஊர் படிப்பிலும் சளைத்ததல்ல. இந்தோனேசிய மொழி இலக்கணத்தைப் பல தலைமுறை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்த மொழியியலாளர் கோரிஸ் கெராஃப் 1936இல் இங்கே பிறந்தவர். 1999 முதல் 2001 வரை நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த சோனி கெராஃபும் இவ்வூர்க்காரர். உலர்ந்த இறைச்சியைச் சோளமாக்கி, மிஞ்சியதைப் பணமாக்கிப் பிள்ளைகளை வெளியூர்ப் பள்ளிக்கு அனுப்பிய தாய்மார் எத்தனையோ பேர். மாமாவின் மகளும் லெவோலேபாவில் அறை எடுத்துத் தங்கி மேல்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள்.

நான் கிளம்பிய விடியற்காலையில் மாமா இரண்டு பொட்டலம் கொண்டு வந்தார். ஒன்று ஜாகுங் தித்தி, எனக்கு. மற்றது மகளுக்கு, செய்தித்தாளில் சுற்றிச் சணலால் கட்டியிருந்தது, எண்ணெய் ஊறி எழுத்துகள் கண்ணாடிபோல் தெரிந்தன. லாரியில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த பெரியவர் முகர்ந்துவிட்டு எந்த வீடு என்று கேட்டார், சொன்னதும் தலையசைத்தார்.

மகள் தங்கியிருந்த வீட்டைக் கண்டுபிடிக்கப் பிற்பகலாகிவிட்டது. பள்ளிச் சீருடையோடு வாசலுக்கு வந்தாள். பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கி, உள்ளே திரும்பி யார் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நான்கு பெண்கள் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். அவள் சணலை அவிழ்த்தாள், இறைச்சியை ஐந்து குவியலாக வைத்தாள், ஒன்றிலிருந்து கொஞ்சம் எடுத்து இன்னொன்றில் சேர்த்தாள். அதன்பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்து, "அம்மா நன்றாக இருக்கிறாரா?" என்று கேட்டாள்.